பதினைந்து கோடைக்கு மூடி வைத்த வண்டி

ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

என் மகளும் என் அக்காவுமான லீட்டியாவுக்கு,

உன் அப்பா ஐப்பிலிக் சொல்லச் சொல்ல உன் தங்கை ரூட்டி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் உன் வயிற்றுப் பிள்ளையும் அங்கே ஒட்டாவாவில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறோம். இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், கூரை ஒழுகவில்லை. நலமாக இருக்கிறோம் என்று எழுது என்றேன், ரூட்டி பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், அதனால் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன். நான் ஏன் என் கையால் எழுதவில்லை என்று பயந்துவிடாதே. வலது உள்ளங்கையில் தையல் போட்டிருக்கிறது, அவ்வளவுதான், விரல்கள் எல்லாம் அதது இடத்தில் இருக்கின்றன. அது எப்படி ஆயிற்று என்று சொல்ல ஆரம்பித்தால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். போனில் என்றால் நீ அழுவாய், நான் வாய் திறக்காமல் நிற்பேன், சென்ற முறை அப்படித்தானே ஆயிற்று, அதனால்தான் கடிதம். நான் சொல்வதை மட்டும் எழுது என்று ரூட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

(அக்கா, நான் ரூட்டி. அப்பா சொல்வதை அப்படியேதான் எழுதுகிறேன். அவர் சொல்லாமல் விடுவதை மட்டும் இப்படி அடைப்புக்குள் எழுதுவேன். இப்போது இடது கையால் டீ ஊற்றுகிறார், பாதி மேஜை மேல் போகிறது.)

கடல் பனி உடைந்து விரிகுடாவை விட்டுப் போய்விட்டது. எல்லோரும் படகை இறக்கிவிட்டார்கள். கொசு இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது, வாயைத் திறந்து பேசினால் இரண்டு உள்ளே போகிறது. உன் அம்மா சீல் தோலைச் சுரண்டிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்திருக்கிறாள், உன் பிள்ளைக்குக் காலணி தைக்கப் போகிறாளாம். மீனைக் கீறிக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம், இங்கிருந்து யாராவது ஒட்டாவா ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கே கடையில் கிடைக்கும் மீனைச் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளை பெறப் போகிறாய் என்பதை நினைத்தாலே உன் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. மாடிப்படி ஏறும்போது மெதுவாக ஏறு. கனமான எதையும் தூக்காதே, உன் வீட்டுக்காரருக்கு முதுகு நன்றாகத்தானே இருக்கிறது.

உன் தம்பியின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரியில் அவன் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலேயே அது நின்றது. பனி அதை மூடியது, பிறகு பனி உருகி அது வெளியே வந்தது, நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை, வாசலை விட்டு இறங்கும்போது எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். உனக்குத் தெரியும், பனி மேல் ஓட்டும் அந்த ஸ்னோமொபைலைக் கோடைக்கு மூடி வைப்பது அவனுக்கு ஒரு திருவிழா. நாங்கள் எல்லாம் பனி தீர்ந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் படகைப் பார்க்கப் போகிறவர்கள், மிஞ்சிப்போனால் மேலே ஒரு பழைய சாக்கைப் போடுவோம், அக்டோபரில் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும், வண்டியைத் திட்டுவோம், விற்றவனையும் திட்டுவோம். அவன் மட்டும் வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் செய்வான். டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி அது கெட்டுப்போகாமல் இருக்க மருந்து கலப்பான், இன்ஜினுக்குள் எண்ணெய் அடிப்பான், பெல்ட்டைக் கழற்றித் தன் கட்டிலுக்கு மேல் ஆணியில் மாட்டுவான், பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை மேல் ஏற்றி அடியில் ஓடும் ரப்பர் பட்டை தரையில் படாமல் வைப்பான். பிளாஸ்டிக் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், துணித் தார்ப்பாய்தான் வேண்டும் என்று என்னோடு சண்டை போடுவான். எதிர்வீட்டு லூக்காசி தன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, “என்னடா, பால் குடுத்துட்டியா? ஏப்பம் விட்டுதா? தாலாட்டு நான் பாடவா?” என்பான். இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அக்டோபர்ல என் வண்டி ஒரே இழுப்புல கிளம்பும். அப்ப நீங்க உங்க வண்டியைக் கட்டிப் புடிச்சு அழுதுக்கிட்டு இருப்பீங்க, மாமா, அந்தத் தாலாட்டை அப்பப் பாடுங்க” என்பான். அப்படியே நடக்கும், ஒவ்வொரு வருடமும்.

அவன் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதாமல் வருவதைப் பார்த்திருப்பாய். இறந்தவரின் பெயரை ஒரு குழந்தை எடுத்துக்கொள்ளும் வரை நாம் வாயில் எடுப்பதில்லை. இந்த வீட்டில் ஜனவரியிலிருந்து “உன் மகன்”, “என் அண்ணன்”, “அவன்” என்றுதான் பேச்சு. உன் அம்மா சில நேரம் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்வாள். அந்தப் பெயர் உன் பிள்ளைக்கு என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். வசந்தத்தில் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. “அப்பா, என் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் தம்பி செத்ததைக் கூப்பிடற மாதிரி இருக்கும், என்னால முடியாதுப்பா” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது என்னவென்றால், என் அக்கா இறந்த அதே கோடையில் நீ பிறந்தாய், அவள் பெயரை எடுத்துக்கொண்டாய், அன்றிலிருந்து உன்னை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். உனக்கு இரண்டு வயதில், “தம்பி, மூக்கைத் துடை” என்று எனக்கு உத்தரவு போடுவாய், நானும் துடைத்துக்கொள்வேன். நீ பள்ளிக்கூடம் போகாமல் அடம்பிடித்தபோது அக்காவை எப்படித் திட்டுவது என்று எனக்கு வாய் வந்ததில்லை, அதனால்தான் நீ பாதி நாள் மீன் பிடிக்கவே போனாய். உன்னைக் கூப்பிட்டபோதெல்லாம் நான் ஒரு தடவைகூட அவள் சாவைக் கூப்பிட்டதில்லை. நீ திரும்பிப் பார்த்து “என்ன?” என்பாய், எனக்கு அது போதுமாக இருந்தது. இதைத்தான் சொல்ல நினைத்தேன். உன்னை மாற்றுவதற்காக இப்போது இதை எழுதவில்லை, அதற்கு இனி அவசியமும் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் அப்போது நான் மனதுக்குள் விடவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்ததும் உன் மனம் மாறும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாறினால் அந்தப் பிள்ளை வளர்ந்து வரும்போது தன் வண்டி எங்கே என்று கேட்குமே. அதனால்தான் வண்டியை ஒழுங்காக மூடி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. இதற்குள் லூக்காசி மூன்று நான்கு தடவை வந்துவிட்டான். மீன்பிடி ஏரிக்குப் போன வழியில் அவன் வண்டியின் பெல்ட் அறுந்துவிட்டது, கப்பல் வரும்வரை கடையில் கிடையாது. முதலில், “மச்சான், அந்தப் பெல்ட்டு சும்மாதானே இருக்கு” என்றான். அடுத்த நாள், “முன்கண்ணாடியாவது குடு மச்சான், என்னோடது ரெண்டாப் போச்சு” என்றான். செத்தவர் பொருளை வேண்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் நம் வழக்கம்தான், அவன் கேட்டதில் தப்பில்லை, துப்பாக்கியையும் தூண்டிலையும் நானே கொடுத்துவிட்டேன். வண்டிக்கு மட்டும், “நீ என்ன அண்டங்காக்கையா, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் கொத்த வர்றே? போய்யா” என்று விரட்டினேன். அவனும் காக்கை மாதிரியே கத்திக்காட்டிவிட்டுப் போனான். ரூட்டியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். கோடைக்கு எப்படி வைப்பது என்று வாசித்தாள். அதைக் கேட்கவில்லை, பதினைந்து வருடத்துக்கு எப்படி வைப்பது என்று பார் என்றேன். அவள் கடைசிப் பக்கம் வரை தேடினாள். அப்படி ஒன்றும் அதில் இல்லை.

(அட்டையின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். பயன்படுத்தாமல் வைத்தாலும் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அதை அப்பாவிடம் அன்றைக்கு வாசிக்கவில்லை.)

மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேர வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை யோசிக்காமல் கயிற்றை இழுத்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. நம் ஊரில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குரல் உண்டு, பனிப்புயலில்கூட யார் வீடு திரும்புகிறார்கள் என்று படுக்கையிலிருந்தே சொல்லிவிடலாம், அவன் வண்டிக்கு நடுவில் ஒரு சின்ன இருமல் இருக்குமே, அதேதான். மூன்று வீடு தள்ளி இருந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். லூக்காசி படியிலிருந்து எழுந்து நின்றான். உன் அம்மா கையெல்லாம் மாவோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் உடனே நிறுத்திவிட்டேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள், “ஏன் நிறுத்தினே?” என்றாள். சத்தம் கேட்டு உனக்கு, என்று என்னவோ சொன்னேன். “கொஞ்ச நேரம் ஓடணும்னு ரூட்டி வாசிச்சாளே. அவன் நிறுத்தமாட்டான். ஓட்டு” என்றாள். மறுபடி கிளப்பினேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு காற்றுத் துளை வழியாக எண்ணெய் அடிக்க வேண்டும், அடிக்க அடிக்க வெள்ளைப் புகை வரும், இன்ஜின் தும்மும், எண்ணெய் நிறைந்து தானாகவே நின்றுபோகும், அதுதான் முறை. புகை முழுவதும் அவள் பக்கம்தான் போயிற்று. எழுந்து வா என்றேன், வரவில்லை. அது இருமி இருமி நின்றது. ஜனவரியில் வயிற்று வலியோடு நர்ஸ் கட்டடத்தில் கிடந்த அவன் மூச்சு நின்றபோது உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன், அவள் தாழ்வாரத்தில் விமானச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள், விமானம் தலைக்கு மேலே இரண்டு தடவை சுற்றியதே, புயலில் இறங்க முடியாமல் திரும்பிப் போனதே, அதைக் கேட்டுக்கொண்டு. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம்.

(அம்மா உள்ளே வந்தபோது அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டால் எப்போதும் வைப்பாளே, அப்படித் தன்னை அறியாமல் வைத்திருக்கிறாள். நான்தான் அணைத்தேன்.)

அடுத்த நாள் சைலன்சரைக் கழற்றினேன். வசந்தத்தில் சுண்டெலி ஒன்று அதற்குள் போய்ப் புல்லைக் கொண்டு கூடு கட்டியிருந்ததை ரூட்டி பார்த்திருக்கிறாள், எனக்கு அப்போதுதான் சொன்னாள். சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கொக்கி வைத்து இழுக்க வேண்டும், அவன் அதற்கென்றே ஒரு கொக்கி வைத்திருந்தான், எனக்கு அது கிடைக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ஸ்பிரிங் தெறித்து, ஸ்க்ரூ டிரைவர் என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நர்ஸிடம் போனேன். ஊரெல்லாம் மூடுபனி, என் கால் எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் தைத்துக்கொண்டிருக்கும்போதே லூக்காசி தன் மகள் சியாசியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது, வியாழக்கிழமை விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாள், வலி முந்திக்கொண்டது. நர்ஸ் போனில் பேசினாள், வைத்துவிட்டு, “வானம் திறந்ததும் விமானத்தை அனுப்பறோம்னு சொல்றாங்க” என்றாள். ஜனவரியில் எங்களிடம் சொன்ன அதே வார்த்தை. என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நர்ஸ், “இத்தனை பெரிய வேட்டைக்காரர், ஊசிக்கு இப்படி நடுங்கறீங்களே” என்று சிரித்தாள், நல்ல பெண், புதிதாக வந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. லூக்காசிக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான், ஒரு கேலியும் செய்யவில்லை, அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். சியாசிக்குத் தாய் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா ஜனவரியிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை, இருமலுக்கு மருந்து வாங்கக்கூட ரூட்டியைத்தான் அனுப்புவாள். தையலைக் கீழே வைத்தாள், பூட்ஸை மாட்டினாள், போய்விட்டாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை, வண்டிப் பக்கத்தில் போய் நின்றேன். அன்று முழுவதும் மூடுபனி விலகவில்லை. அவள் மறுநாள் காலையில்தான் வந்தாள், வந்து பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள். குழந்தை வரவே இல்லையாம், சியாசிக்குத் தெம்பு தீர்ந்துகொண்டே வந்ததாம். நர்ஸ் தன்னால் ஆனது எல்லாம் செய்தாளாம். அப்போது அங்கே இருந்த பெண்கள் பெயர் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், பிள்ளை வராமல் அடம்பிடித்தால் செய்வதுதானே, இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள், எந்தப் பெயருக்கு வருகிறதோ அந்தப் பெயர் அதற்கு. சியாசியின் தாய் பெயரைக் கூப்பிட்டார்கள், லூக்காசியின் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. “சியாசி என் கையைப் புடிச்சுக்கிட்டு, அத்தை, யாரையாவது வரச் சொல்லுங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னு கதறினா. என் வாயில அது ஒண்ணுதான் இருந்துது. ஆறு மாசமா அது ஒண்ணுதானே இருக்கு. கூப்பிட்டுட்டேன். வந்துட்டான்” என்றாள் உன் அம்மா. பையனா என்று கேட்டேன். “பொண்ணு” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். அது நம் வீட்டுக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. “எங்க வரணும்னு சொல்ல நாம யாரு? ஜனவரியில எவ்வளவு கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. இப்பக் கூப்பிட்டேன், வந்தான். எந்த வீடுன்னு நான் கேப்பேனா?” என்றாள். பிறகுதான் அழுதாள். ஜனவரியிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, அக்கா. நானும் ரூட்டியும் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பூட்ஸ் கயிற்றை ஆளுக்கொரு காலாக அவிழ்த்துவிட்டோம்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். நம் ஊரில் கதவைத் தட்டுகிறவர் போலீஸ்காரர் ஒருவர்தான், மற்றவர்கள் நேரே உள்ளே போவோம், நானும் லூக்காசி வீட்டுக்குள் ஆயிரம் தடவை அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று என்னவோ தட்டிவிட்டேன். உள்ளே எல்லோரும் பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டார்கள், லூக்காசி முகம் வெளுத்துக் கதவைத் திறந்தான், என்னைப் பார்த்ததும், “அட நீயா! உயிரே போச்சு, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு மனசுக்குள்ள தேட ஆரம்பிச்சுட்டேன் மச்சான், நிறையக் கிடைச்சுது” என்றான். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அதில் என் மகன் முகத்தைத் தேடினேன். லூக்காசியின் மூக்குதான் இருந்தது, அப்படியே, அந்த அகலத்துக்கு. மகனே என்றேன். அது கண்ணைத் திறக்கவில்லை, ஒரு கொட்டாவி விட்டது. சியாசி படுத்தபடியே, “மாமா, உங்க பையன் வந்ததுலேர்ந்து ஒரு பொட்டு தூங்க விடல, கூட்டிட்டுப் போய் ரெண்டு சாத்து சாத்துங்க” என்றாள். அவன் அப்போதும் அப்படித்தான், என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெயர் திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, அவன் கை எனக்கு வேண்டும், எண்ணெய் படிந்த நகத்தோடு அந்தக் கை, அது வரவில்லை. பெயர் மட்டும்தான் வந்தது.

லூக்காசி என்னோடு வெளியே வந்தான். தாடையைச் சொறிந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். “இனி நான் பெல்ட்டு கேக்க முடியாது மச்சான், இது என் பேத்தி வண்டி ஆயிடுச்சு” என்றான். என் கையில் தையல், பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் ஏற்ற ஆள் வேண்டும், அவன்தான் தூக்கினான், “வால் பக்கம் என்ன கனம், உள்ள யாராவது உக்காந்திருக்காங்களா?” என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். பெண் பெரியவளாகும் வரை, பதினைந்து வருடம், இதை இப்படியே வைக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அப்போதுதான் ரூட்டி அந்த ரப்பர் விஷயத்தை வாசித்துக் காட்டினாள். நீ சும்மா இரு என்று அவள் மேல் பாய்ந்தேன். லூக்காசி, “புள்ளையை ஏன் வையறே? அவ சொல்றது சரிதான். ஓடாத வண்டி செத்த வண்டி. குளிர்காலம் வந்தா ஓட்டணும், கோடை வந்தா மூடணும், அப்பதான் அவளுக்குப் போய்ச் சேரும்” என்றான். ஓட்டுவது யார் என்று கேட்டேன். என்னால் அதன் மேல் ஏற முடியாது, அக்கா, முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, “சியாசி ஓட்டட்டும். முதுகுல புள்ளையைப் போட்டுக்கிட்டு” என்றான். நான் வீட்டுக்குள் அவன் கட்டில் பக்கம் போனேன். பிறகு பெல்ட்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, உன் வீட்டு அடுப்புக்கு எட்ட, ஈரம் படாத இடத்தில் மாட்டு என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து துணித் தார்ப்பாயைப் போர்த்துக் கட்டினோம். பிளாஸ்டிக் இல்லை.

ஆகவே இப்போது அது ஒரு கோடைக்கு மட்டும் மூடியிருக்கிறது. பனி விழுந்ததும் அந்த இருமல் சத்தம் மறுபடி கேட்கும், தெரு வழியாக வரும், உன் அம்மா தலையைத் தூக்குவாள், நானும்தான், அது நம் வாசலில் நிற்காமல் எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கும். அதைப் பழகிக்கொள்ள எனக்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. நீ அதற்காக அழாதே. நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, பயந்துகொண்டு கொடுக்கும் பெயர் பிள்ளைக்கு ஒட்டாது. உன் பிள்ளைக்கு உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எது பிடிக்கிறதோ அதை வையுங்கள். அதை எங்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடு, நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லியே கொஞ்சுவோம். இங்கே யாரும் உன்னிடமிருந்து எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

நன்றாகச் சாப்பிடு, கால் வீங்கினால் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே, வயிற்றில் வலது பக்கம் சின்ன வலி என்றாலும் உடனே போ, இதை மட்டும் எனக்காகச் செய். ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அடுத்த முறை போன் செய்யும்போது, நான் எடுத்தாலும் உன் அம்மா எடுத்தாலும், முதலில் அவன் பெயரைச் சொல், பிறகு மற்றதைப் பேசலாம். இனிமேல் சொல்லலாம். உன் வாயால் கேட்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

உகாலிக்.

உன் தலையை முகர்ந்து விடைபெறும்,
உன் அப்பாவும் உன் தம்பியுமான
ஐப்பிலிக்

(அக்கா, அண்ணன் பெயரை எழுதும் இடம் வந்ததும் அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவ்வளவு பெரிதாகவும் கோணலாகவும் இருப்பது அதனால்தான், அது அவர் இடது கையால் எழுதியது.)